திருச்சபைப் பாடற்குழு இசையும் அன்றாட வழிபாடும்

வழிபாட்டிற் பாட்டு அணியாக நிற்பதா, அன்றி வழிபாடாகவே நிற்பதா என்னும் வினா தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. சிவன் கோயிலில் ஓதுவார் தனித்து நின்று தேவாரம் பாட, அடியார் கேட்டு உருகுவர். திருமால் கோயிலில் கோட்டியார் பலர் ஒரு குரலாய்த் திவ்வியப் பிரபந்தம் சேவிப்பர். பசனைக் கூட்டத்தில் ஒருவர் எடுத்துக் கொடுக்க ஏனையோர் வாங்கிப் பாடுவர். தமிழ்க் கிறித்தவத் திருச்சபைகளில் இம்மூன்றனோடு நான்காவதாக ஒரு முறை வந்து சேர்ந்தது. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என நான்கு குரற்பகுதிகளாகப் பிரிந்து, வெவ்வேறு சுரங்களை ஒரே காலத்தில் ஒலித்து ஒத்திசைக்கும் பாடற்குழு முறையே அது. அம்முறையின் இக்கால வடிவம் அன்றாட வழிபாட்டிற்கு எவ்வளவில் ஏற்புடையது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமயக் கோட்பாட்டு ஆராய்ச்சி எம் துறைக்கு உரியதன்று. எனினும், சொல் எங்ஙனம் பாட்டாகின்றது, பாட்டு எங்ஙனம் மக்கள் நாவில் நிலைக்கின்றது, எவ்விடத்தில் நாவை விட்டு நீங்குகின்றது என்பன தமிழ் ஆராய்ச்சிக்கு உரியனவே. ஆகலின் அவ்வெல்லைக்குள் நின்றே யாம் இதனைக் காண விழைகின்றோம்.

களம்

சென்னையின் தென்புறநகர் இவ்வாராய்ச்சிக்குத் தக்க களமாகும். பரங்கிமலையின் உச்சியிலுள்ள மாதா கோயில் 1523-இல் எழுந்தது. பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை அம்மலையில் 1547-இல் கண்டெடுக்கப்பட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு, 1938 டிசம்பரில், உலக மறைப்பணிப் பேரவையின் மாநாடு அக்கல்லூரி வளாகத்திலேயே கூடிற்று. பல்லாவரத்தை அடுத்த பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் ஆகிய ஊர்கள் வேலை நாடி வந்தோர் குடியேறிப் பெருகியவை. பம்மல் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து வந்த கிறித்தவக் குடும்பங்கள் இப்பகுதியில் மிகுதி. அவர்கள் தம் உடைமைகளோடு தத்தம் ஊர் மெட்டுகளையும் கொண்டு வந்தனர். ஒரே கீர்த்தனையை ஓரூரார் ஒரு நடையிலும் பிறிதோரூரார் பிறிதொரு நடையிலும் பாடிப் பழகியவராதலின், இருவரும் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து பாடும்போது இரண்டாம் அடியிலேயே குரல் பிரியும். இத்தகைய சபைகளிற் பாடற்குழு வெறும் அலங்காரமாக வந்ததன்று. எம்மெட்டு என்னும் வழக்கைத் தீர்க்கவும் அது வேண்டப்பட்டது. பாடற்குழுவைக் குறைகூறுவோர் இவ்வுண்மையை மறத்தல் ஆகாது.

‘அன்றாடம்’ என்னும் சொல்

வடநூலார் கருமங்களை நித்தியம் என்றும் நைமித்திகம் என்றும் இரண்டாகப் பகுப்பர். நாள்தோறும் செய்வது முன்னது. ஒரு நிமித்தம் பற்றிச் செய்வது பின்னது. கோயில் வழிபாட்டில் நாட்பூசையும் திருவிழாவும் வேறுபடுதல் போலவே திருச்சபையிலும் இவ்வேறுபாடு உண்டு. கிறித்து பிறப்பு விழா, உயிர்ப்பு விழா, சபையின் ஆண்டு விழா, திருமணம் ஆகியன நிமித்தம் பற்றியவை. ஞாயிறு ஆராதனை, கத்தோலிக்கர் நாள்தோறும் நிகழ்த்தும் திருப்பலி, தவக்காலத்து மாலை வழிபாடு, வீட்டில் விளக்கேற்றிய பின் நடக்கும் குடும்பச் செபம், தெருவில் ஒரு வீட்டில் பத்துப்பேர் கூடும் செபக்கூட்டம் ஆகியன அன்றாட வழிபாட்டின்பாற்படும்.

அன்றாட வழிபாட்டிற்குச் சில இயல்புகள் உண்டு. வருவோர் தொகை நாளுக்கு நாள் வேறுபடும். சிலர் பிந்தி வருவர். முன்பயிற்சிக்குக் காலம் இராது. பாட்டெடுக்க வல்லவர் ஒருவரே இருப்பார். சில நாள் அவரும் இரார். கருவி இருப்பினும் அதனை வாசிப்பவர் அலுவலகத்தில் இருப்பார். இந்நிலையிலும் பாட்டு நிகழ்தல் வேண்டும். எனவே, பாடற்குழு வராத நாளில் இப்பாட்டை இம்மக்கள் பாடவியலுமா என்பதையே யாம் அளவுகோலாகக் கொள்கின்றோம். இசையின் அழகைத் தீர்மானிப்பது இவ்வளவுகோலின் நோக்கமன்று. அன்றாடப் பயனையே இது காட்டும்.

மரபின் இரு கால்கள்

தமிழ்ப் புரட்டஸ்தாந்து சபைகளின் பாட்டு இரண்டு கால்களில் நிற்பது. ஒன்று ஞானப்பாட்டு; மற்றொன்று கீர்த்தனை. சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பின்னர், ஜெர்மானிய லுத்தரன் சபைப் பாடல்கள் அவற்றின் மெட்டுக் கெடாமல் தமிழில் ஆக்கப்பட்டன. பின்னர்ச் சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றிய பப்ரீசியசு (1711–1791) இத்துறையில் ஆற்றிய பணி பெரிது. ஆங்கிலப் பாமாலைகள் பின்னர்ச் சேர்ந்தன.

கீர்த்தனையின் வரலாறு வேறு. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பு, முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப்பிள்ளை ஆகிய சீகாழி மரபினரால் தமிழில் முன்னரே வளம் பெற்றிருந்தது. தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அவ்வடிவத்தைத் தம் சமயப் பாடலுக்குக் கொண்டார். பெத்லகேம் குறவஞ்சி (1800) செய்த புலவராகிய அவர், அவையோர்க்கெனப் பாடிய அளவிற்குச் சபையோர்க்கெனவும் பாடினார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பார் 1853-இல் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபின், தஞ்சைப் புலவர் பாடல் தமிழ் வழங்கும் சபைகள் பலவற்றிலும் பரவிற்று.

கீர்த்தனை அன்றாட வழிபாட்டில் வேரூன்றியதற்குக் காரணம் அதன் பல்லவியே என்பது எம் கருத்து. சரணத்தை அறிந்தவர் ஒருவர் போதும்; ஏனையோர் பல்லவி ஓரடியை அறிந்தாற் போதும். சரணந்தோறும் பல்லவி திரும்பி வருதலின், எழுத்தறியாதவரும் இரண்டாம் சுற்றிலேயே பாடுவோர் ஆகின்றனர். பிந்தி வந்தவர்க்கும் புகுவதற்கு ஒரு வாயில் உண்டு. பசனை முறையின் இவ்வமைப்பை வேறெந்தப் பாடல் வடிவமும் இத்துணை எளிமையாகத் தருவதில்லை.

ஞானப்பாட்டுக்குப் பல்லவி இல்லை, மெட்டும் அயலது. ஆயினும் மூன்று நூற்றாண்டு வழக்கில் அதுவும் மக்கள் உடைமையாயிற்று. தரங்கம்பாடி மரபுச் சபைகளின் முதியோர் ஜெர்மானிய மெட்டில் அமைந்த பாடலைப் புத்தகம் பாராமற் பாடுதல் இன்றும் கேட்கலாம். ஆகலின் அயல்நாட்டு இசை என்பது பற்றி ஒன்றைத் தள்ளுதல் பொருந்தாது. ஒரு குரலில் ஒரு மெட்டாய்ப் பல்லாண்டு திரும்பத் திரும்பப் பாடப்பெற்றமையே ஞானப்பாட்டு நிலைத்ததன் காரணம். இக்காலப் பாடற்குழு இசையை இவ்விரண்டோடும் ஒப்பிட்டே நோக்குதல் வேண்டும்.

எழுத்தும் இசையும்

குறிற்கு ஒன்றும் நெடிற்கு இரண்டும் மெய்க்கும் குற்றியலுகரத்திற்கும் அரையும் மாத்திரை என்பது தமிழ் எழுத்திலக்கணத்தின் அடிப்படை. இவ்வளவு பொருளோடு பிணைந்தது. வரம் நீண்டால் வாரம். கரம் நீண்டால் காரம். பலன் நீண்டால் பாலன். இறைவனிடம் வரம் வேண்டுவோன் வாரம் வேண்டி நிற்கும் இடர்ப்பாடு, மெட்டை முன் வைத்துச் சொல்லைப் பின்னர்ப் பொருத்தும் பாடல்களில் அடிக்கடி நேர்கின்றது. ‘எனக்கு’, ‘உமக்கு’ முதலிய சொற்களின் ஈற்று உகரம் அரை மாத்திரையாய்க் குறுக வேண்டுவது. மேனாட்டு மெட்டின் அடி இறுதியில் அது இரண்டு மூன்று தட்டுகளுக்கு நீண்டு முற்றுகரத்தினும் மிக்கு ஒலிக்கின்றது.

இசையில் எழுத்து அளவிறந்து நீளுதல் இயல்புதானே என ஒருவர் வினவலாம். வினா தக்கதே. தொல்காப்பியர் நூன்மரபின் இறுதியில் இதனை உடன்பட்டு, அந்நீட்சி இசைநூலார்க்கு உரியது என ஒதுக்குகின்றார். கீர்த்தனையிலும் குறில் நீள்வதுண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயின் கீர்த்தனையில் அனைவரும் ஒரே எழுத்தை ஒரே காலத்தில் ஒலிக்கின்றனர். அடி மீண்டும் மீண்டும் வருகின்றது. நீண்ட குறிலைக் கேட்போர் செவி அடுத்த சொற்கொண்டு திருத்திக் கொள்கின்றது. நாற்பகுதி இசையில், அதிலும் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் அமைப்பில், சோப்ரானோ மூன்றாம் சொல்லில் நிற்கும்போது பாஸ் முதற்சொல்லில் நிற்கும். ஒரு கணத்தில் நான்கு எழுத்துகள் செவியில் விழும்போது திருத்திக் கொள்வதற்கு இடமில்லை. முன்னரே பாட்டை அறிந்தவர்க்கு அது விருந்து. அறியாதவர்க்கு வெறும் ஒலி. நான்கு பகுதியும் ஒருங்கே ஒரே எழுத்தை ஒலித்துச் செல்லும் எளிய அமைப்பில் இக்குறை இல்லை என்பதையும் உடன் கூறுதல் முறையாகும்.

இனி, தாளத்தை நோக்குவோம். ஆங்கிலப் பாமாலைகளிற் பெருவழக்கான ஒரு யாப்பு, எட்டு, ஆறு, எட்டு, ஆறு என உயிரொலிகளை எண்ணி அடி அமைப்பது. எண்ணி அமைத்தல் நமக்கு முற்றும் புதியதன்று. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி நேரசை முதலாயின் பதினாறும் நிரையசை முதலாயின் பதினேழும் எழுத்து எண்ணுகின்றோம். இடர் எண்ணிக்கையில் இல்லை, அழுத்தத்தில் உள்ளது. அவ்வாங்கில யாப்பில் முதல் உயிரொலி மென்மையானது. இரண்டாவதே தாளத்தின் வன்தட்டில் விழும். தமிழ்ச் சொல்லுக்கோ முதலெழுத்தே உயிர்நிலை. மோனை நிற்பது அங்கே. எதுகையும் அதனை அடுத்தே நிற்கும். ஆங்கில மெட்டில் தமிழ்ச் சொற்களை அடுக்கும்போது மோனை எழுத்து மென்தட்டில் அமிழ்ந்து, பொருளற்ற இடைநிலை எழுத்து வன்தட்டில் ஏறுகின்றது. தாளத்திற்கு முன் எடுக்கும் அதீத எடுப்பு நம் இசையிலும் உண்டெனினும், அடிதோறும் அதுவே வருதல் தமிழ் நடையன்று. பழைய மொழிபெயர்ப்பாளர் சிலர் இதனை உணர்ந்து, முதலில் ஓர் ஓரெழுத்துச் சொல்லையோ விளியையோ இட்டு இடரைக் கடந்தனர். இக்காலத்தார் அவ்வளவு உழைப்பதாகத் தெரியவில்லை.

பண்ணும் ஒத்திசையும்

மேனாட்டுப் பேரிசை நிரலும் நம் தீரசங்கராபரணமும் ஏழு சுரத்தானும் ஒத்தவை. எனவே சங்கராபரணத்தில் அமைந்த கீர்த்தனைக்கு நாற்பகுதி வகுத்தல் எளிது. ஏனைய இராகங்கள் யாவும் அவ்வாறல்ல. மோகனத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குச் ச, ரி, க, ப, த என்னும் ஐந்தே சுரங்கள். மத்திமமும் நிடாதமும் இல்லை. ஒத்திசை வகுப்போர்க்கு இன்றியமையாத சுரத்தொகுதிகள் மூன்று. ச-க-ப என்னும் முதற்றொகுதி மோகனத்துள் அடங்கும். ம-த-ச என்னும் தொகுதிக்கு மத்திமம் வேண்டும். ப-நி-ரி என்னும் தொகுதிக்கு நிடாதம் வேண்டும். மெட்டிற் கையிடாமலே கீழ்க்குரல்களில் இவ்விரண்டும் புகுந்த அளவில் மோகனம் மோகனமாக நில்லாது. கமகத்தின் நிலை இதனினும் அரிது. அசைந்து நிற்கும் ஒரு சுரத்தின்கீழ் அசையாத மூன்று சுரங்களை அடுக்கினால், அசைவு பிழைபோல் ஒலிக்கும். ஆகலின் பாடற்குழு அவ்வசைவை நீக்கி நேராக்குகின்றது. ஓரிரு தலைமுறையில் அந்நேர்வடிவமே அப்பாட்டின் வடிவம் என இளையோர் கொள்கின்றனர்.

இதற்கு டானிக் சொல்ஃபா முறையும் ஒரு துணைக்காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்க, ஜான் கர்வன் வளர்த்த இவ்வெழுத்து முறை, கோட்டிசைக் குறிப்பு அறியாத எளியோர்க்கும் நாற்பகுதிப் பாட்டைக் கற்பித்தது. தமிழ்ச் சபைகளில் பள்ளியாசிரியர்களும் உபதேசியார்களும் இம்முறையால் ஊர்தோறும் பாடற்குழு வளர்த்தமை பெருமைக்குரியது. ஆயினும் சுரத்தின் இருப்பிடத்தைக் காட்டுமளவில் நின்றுவிடும் அவ்வெழுத்து, சுரத்தின் அசைவைக் காட்டவல்லதன்று. எழுத்தில் அடங்காதது வழக்கிலிருந்து வீழ்தல் இயற்கை.

தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) சங்கீத வித்தியா மகாசன சங்கத்தை 1912-இல் நிறுவி, கருணாமிர்த சாகரத்தை 1917-இல் வெளியிட்டவர். கிறித்தவராகிய அவர் தமிழிசையின் சுருதிகளை ஆராய்ந்ததோடு சமயக் கீர்த்தனைகளும் இயற்றினார். திருச்சபைப் பாட்டைத் தமிழிசையின் ஒரு கூறாகவே அவர் கண்டார். அந்நோக்குப் பிற்காலத்துப் பாடற்குழுத் தலைவரிடையே பெருவழக்குப் பெறாமற் போயிற்று.

மேனாட்டாரும் இவ்வழக்கை அறிவர்

பல்குரல் இசை சொல்லை மறைக்கின்றது என்னும் குறை மேலைத் திருச்சபையிலேயே எழுந்தது. 1545 முதல் 1563 வரை கூடிய திரெந்துப் பேரவைக் காலத்து விவாதங்களில், சொல் விளங்கப் பாட வேண்டும் என்பது ஒரு பொருளாயிருந்தது. ஜெனீவாவில் கால்வின் வழியினர் சங்கீதங்களை ஒரே குரலிற் பாடினர். அவர்தம் முழுச் சங்கீத நூல் 1562-இல் வெளிவந்தது. அம்மெட்டுகளுக்கு நாற்பகுதி வகுத்த குடிமெல் என்பார், இவ்வமைப்புக் கோயிலிற் பாடுதற்கன்று, வீட்டில் மகிழ்தற்கே எனத் தம் 1565-ஆம் ஆண்டுப் பதிப்பில் விளக்கினார். கோயிலில் ஒரு குரலும் வீட்டில் நான்கு குரலும்! இன்று நம்மிடையே நிலைமை தலைகீழாகியுள்ளது.

கத்தோலிக்கத் திருச்சபையில் 1963 டிசம்பர் 4-இல் வெளியான திருவழிபாட்டுச் சாசனம் இருபுறமும் நோக்குவது. பாடற்குழுக்கள் வளர்க்கப்பெறல் வேண்டும் என்னும் அது, மக்கள் அனைவரும் தமக்குரிய பகுதியைப் பாடுதல் வேண்டும் என்றும், மறைபரப்பு நாடுகளில் அந்நாட்டார் இசை மரபிற்கு உரிய இடம் வேண்டும் என்றும் கூறுகின்றது. 1967-இல் வந்த இசை பற்றிய அறிவுரை இன்னும் தெளிவானது. பாடற்குழு பாடும்போது உள்ளத்தால் ஒன்றிக் கேட்டலும் பங்கேற்பே என உடன்படும் அதுவே, மக்களை முற்றும் விலக்கிப் பாடல் முழுவதையும் குழுவிடம் ஒப்படைக்கும் வழக்கை ஏற்கவில்லை.

கேட்டலும் வழிபாடே என்னும் இக்கருத்தை எளிதிற் கடத்தல் இயலாது. ஓதுவார் பாட அடியார் கேட்கும் நம் மரபும் அதற்குச் சான்றாகின்றது. துயருற்று வந்து கடைசி வரிசையில் அமர்ந்தவருக்குத் தாம் பாடுவதினும் பிறர் பாடக் கேட்பதே ஆறுதலாகலாம். எனினும் ஓதுவார் பாடுவன அடியார் முன்னறிந்த பாடல்கள். உதடு அசையாவிடினும் உள்ளம் உடன்பாடும். வாரந்தோறும் புதிய பாட்டை அரங்கேற்றும் குழுவின்முன் உள்ளம் உடன்பாடுதற்கு ஒன்றுமில்லை. அங்கே சபையார் அவையார் ஆகின்றனர்.

இவ்விடத்தில் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) நினைவிற்கு வருகின்றார். தம் பெயரில் இவ்வூரைச் சுமந்த அவர், சுகுண விலாச சபையை 1891-இல் நிறுவி, பாட்டு மிகுந்த பழைய நாடகத்தை உரைநடை நாடகமாக மாற்றினார். மேடைக்கும் அவைக்கும் இடையே எல்லை வேண்டும் என்பது நாடகத்திற்கு நன்று. வழிபாட்டில் அவ்வெல்லை விழுந்தால் விளைவு வேறு. பழைய ஆங்கிலிக்கன் கோயில்களில் பாடற்குழுவின் இருக்கைகள் பீடத்தின்முன் இருமருங்கும் ஒன்றையொன்று நோக்கி அமைந்தவை. குழுவினர் மக்களை நோக்குவதில்லை. இக்காலக் குழுவோ ஒலிவாங்கிகளோடு மக்களை நோக்கி நிற்கின்றது. நிற்கும் திசை மாறியபோதே பாட்டின் நோக்கமும் ஓரளவு மாறிவிட்டது.

இக்கால வடிவத்தின் தனிக்கூறுகள்

மேற்கூறியன பாடற்குழு இசை முழுமைக்கும் பொது. கடந்த சில பத்தாண்டுகளில் எழுந்த பாடல்களுக்கு வேறு சில கூறுகள் உண்டு. திரைப்பாட்டை ஒட்டிய இடையிசை நீண்டு வருதலின், அடுத்த சரணம் எங்கே தொடங்கும் என்பது மக்களுக்குத் தெரிவதில்லை. ஒருமுறை தவறிப் புகுந்து நாணியவர் மறுமுறை புகார். இறுதிச் சரணத்தில் சுருதியை அரைச்சுரமோ ஒருசுரமோ உயர்த்தும் வழக்கம் பெருகியுள்ளது. பயிற்சியில்லா மக்கள் குரல் இயல்பாக ஓர் எண்சுர எல்லையிலும் அதற்குச் சற்று மேலும் இயங்குவது. சோப்ரானோவின் வசதி நோக்கி உயர்த்திய சுருதி ஆடவர்க்கும் முதிய பெண்டிர்க்கும் எட்டுவதில்லை. முன்னரே பதிந்த பின்னணி இசையை ஒலிக்கவிட்டுப் பாடுமிடத்தில், பாட்டு மக்களுக்காகச் சற்றும் நில்லாது. நலிந்த குரலுக்கு இசைந்து மெதுவாகச் செல்லும் கருணை பதிவிற்கு இல்லை. ஒலிபெருக்கி இவை எல்லாவற்றினும் வலியது. பக்கத்திருப்பவர் குரல் தன் செவியில் விழாதபோது, தன் குரலும் தனக்குக் கேளாதபோது, எவரும் பாடுவதை நிறுத்திவிடுவர். மக்கள் பாடுவதில்லை என்று குறைபடும் குழுவினர் முதலில் ஒலிபெருக்கியைத் தணித்துப் பார்த்தல் நலம்.

கீர்த்தனையும் குற்றமற்றதன்று

கீர்த்தனையே மக்கள் பாட்டு, பாடற்குழு இசை மேலோர் பாட்டு என எளிதாக வகுத்துவிட்டால் வரலாறு எம்மை மறுக்கும். 1820-களில் தஞ்சைச் சபைக்கு வந்த புதிய மறைப்பணியாளர் சிலர் பழைய மொழிபெயர்ப்புகளையும் பாட்டு வழக்கங்களையும் மாற்ற முனைந்தபோது, வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். தமிழ்ப் பாட்டின் உரிமைக்காக எழுந்த அக்குரல் நம் போற்றுதலுக்குரியது. ஆனால் அதே முறையீட்டில், சபையில் சாதி வேறுபாட்டைக் காத்தற்கான வாதமும் அடங்கியிருந்தது. பாட்டு மரபும் சாதி மரபும் அன்று ஒருங்கே பிணைந்து நின்றன.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியிற் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்னும் பெயரால் அறியப்பட்டவர், இப்பிணைப்பை வெளிப்படையாகச் சுட்டினார். 2005-இல் மறைந்த அவர், கருநாடக இசை சார்ந்த கீர்த்தனையும் மேனாட்டு இசையும் ஆகிய இரண்டுமே பயின்றோர் கையில் அடங்குவன என்றும், ஒடுக்கப்பட்டோர் தாமே ஆக்கி, தாமே மாற்றி, வாய்வழி வழங்கத்தக்கது நாட்டார் இசையே என்றும் கருதி, நாட்டார் இசையில் வழிபாட்டு முறையையே அமைத்தார். யாம் மேலே கூறிய அளவுகோலை அவர் இன்னும் கூர்மையாக்குகின்றார். பாடற்குழு வராத நாளிற் பாடவியலுமா என்று யாம் வினவினோம். பாடுவோர் தம் தேவைக்கேற்ப அதனை மாற்றிக்கொள்ளவும் இயலுமா என்பது அவர் வினா. இவ்வினாவின் முன் நாற்பகுதி எழுதிய பாட்டு நிற்பதரிது. ஒருவர் ஒரு சுரத்தை மாற்றினால் ஏனைய மூவர்க்கும் இடர். பழைய கீர்த்தனை ஓரளவு நிற்கும். பம்மல் பகுதியில் ஒரே பாட்டுக்குப் பல மெட்டு வழங்குதலே அது மக்கள் கையில் மாறி வந்ததற்குச் சான்று. சபை ஒற்றுமைக்கு இடையூறு என மேலே யாம் கண்ட அவ்வேறுபாடு, இந்நோக்கிற் பாட்டின் உயிர்ப்பிற்கு அடையாளமாகின்றது.

பொருந்தும் இடமும் பொருந்தா இடமும்

இதுகாறும் கண்டவற்றால், விழாக்களுக்கும் நிமித்தம் பற்றிய வழிபாடுகளுக்கும் இக்காலப் பாடற்குழு இசை பொருந்தும் என்றே யாம் கருதுகின்றோம். அங்கே பயிற்சிக்குக் காலம் உண்டு. மக்களும் கேட்கும் உள்ளத்தோடு வருகின்றனர். இளைஞர்க்கு அது தரும் கட்டுப்பாடும் செவிப்பயிற்சியும் வேறெங்கும் எளிதிற் கிட்டா. ஞாயிறு ஆராதனையில் காணிக்கை வேளையிலோ நற்கருணை வேளையிலோ ஒரு பாட்டைக் குழு தனித்துப் பாடுதலும் ஏற்புடையதே. வழிபாட்டின் பாடல் முழுவதும் அவ்வாறாகும்போதுதான் இழப்பு நேர்கின்றது. அவ்விழப்பு அன்றே கோயிலுக்குள் தெரிவதில்லை; வீட்டிலே தெரியும். கோயிலிற் பாடாத பாட்டை வீட்டில் எவரும் எடுப்பதில்லை. புறநகர்க் குடும்பங்களில் குடும்பச் செபம் பாட்டின்றி வாசிப்பும் வேண்டுதலுமாகச் சுருங்கி வருவதை யாம் காண்கின்றோம். பாட்டிக்குத் தெரிந்த முப்பது கீர்த்தனைகளுள் பேரனுக்கு மூன்று தெரிவதில்லை. பேரன் குழுவிற் பாடும் பாட்டில் அவனுக்குத் தெரிந்தது டெனர் பகுதி மட்டுமே. டெனர் பகுதியைத் தனியே வீட்டிற் பாடினால் அது எந்தப் பாட்டென்று பாட்டிக்கு விளங்காது.

இதற்கு மாற்று, குழுவைக் கலைத்தல் அன்று. அதன் பணியை வேறுபடுத்தலே. முதற்சரணத்தை எல்லாப் பகுதியினரும் மெட்டிலேயே ஒரு குரலாய்ப் பாடலாம். பல்லவி வரும்போதெல்லாம் ஒலிவாங்கியை விட்டு விலகி மக்களுக்கு வழிவிடலாம். இடையில் ஒரு சரணத்தை மட்டும் நாற்பகுதியில் பாடலாம். சுருதியை முதியோர் குரலை நோக்கி வகுத்தல் வேண்டும். ஐந்து சுர இராகங்களுக்கு நாற்பகுதி வகுப்பதைவிட, ஆதார சட்சமும் பஞ்சமமும் நீடித்து ஒலிக்க அதன்மேற் பாடுதல் பண்ணுக்கும் சொல்லுக்கும் ஒருங்கே நன்மை பயக்கும். புதிய பாடல் இயற்றுவோர் மெட்டை முடித்தபின் சொல்லைத் தேடாது, சொல்லின் குறில் நெடில்களையும் மோனையையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தபின் மெட்டைத் தேடுதல் வேண்டும். இவை யாவும் பெருஞ்செலவின்றி இயல்வன.

ஆராய்ச்சியாளர் செய்ய வேண்டுவதும் ஒன்றுண்டு. அச்சிட்ட கீர்த்தனை நூல்கள் இராகத்தையும் தாளத்தையும் குறிப்பதோடு அமைகின்றன. ஊர்தோறும் வேறுபடும் மெட்டு அவற்றுள் இல்லை. அம்மெட்டுகளை நாவில் வைத்திருப்போர் பெரும்பாலும் எழுபது கடந்தவர். தாம்பரம், பல்லாவரம், பம்மல் பகுதிகளில் அவர்கள் அடுத்தடுத்த தெருக்களிலேயே வாழ்கின்றனர். நெல்லைக்கும் குமரிக்கும் தனித்தனியே செல்லாமல் பல வட்டாரத்து மெட்டுகளை ஓரிடத்திற் பதியும் வாய்ப்பு இது. ஒரு கீர்த்தனையைத் தேர்ந்து, அதன் வேறுபாடுகள் அனைத்தையும் ஒலிப்பதிவு செய்து, சொல் எங்கே நீள்கின்றது, எங்கே குறுகுகின்றது, எவ்வெழுத்தில் தாளம் விழுகின்றது என அட்டவணைப்படுத்துதல் முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் முடிக்கத்தக்க பணியாகும். பாடற்குழுத் தலைவர்க்கும் அவ்வட்டவணை பயன்படும்.